தெளிந்த சுண்ணாம்பு நீர் பால்போல் மாறும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. சிறுவர் பத்திரிகை ஒன்று என்னிடம் ஒரு பாடம் கேட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனிமம், சேர்மம், கலவை மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை விளையாட்டாகச் சொல்ல வேண்டுமாம். "பயமுறுத்தாம, ஜாலியா இருந்தா போதும் சார்" என்றார் அதன் ஆசிரியர். நானும் ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

முதல் தொடக்கம்:

[ஓர் ஊரில் இரும்பு என்றொரு பையனும் கந்தகம் என்றொரு பெண்ணும் இருந்தார்கள். அவன் கறுப்பு, அவள் மஞ்சள். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை...]

எழுதும்போதே எனக்குக் கூசியது. அடித்துவிட்டேன். இரும்புக்கு மீசை வரைந்தால் பிள்ளைகள் இரும்பைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள், நம்மைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

இரண்டாவது தொடக்கம்:

[காற்று ஒரு கலவை. அதில் நைட்ரஜன் இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது, கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு, தூசி, இந்த அறையில் இதற்கு முன் இருந்தவர்கள் விட்டுப்போன மூச்சு...]

அந்தக் கடைசிச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியாது. எழுதிவிட்டு, பட்டப்பகலில், நாற்காலியைத் திருப்பி ஒரு முறை பின்னால் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது அந்த இடத்தில்தான். பத்திரிகைக்கு மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டு, அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பாடத்தை ஏப்பம் விட்டான் என்ற பெயர் எனக்கு வேண்டாம். ஆகவே மூன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு எப்படிப் பிரித்தாலும் வேறொன்றாகப் பிரியாதது தனிமம். இரண்டு பொருள்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தும் தத்தம் குணம் மாறாமல் இருந்தால் அது கலவை. பொரியும் கடலையும் மாதிரி, பொறுமை இருந்தால் பொறுக்கி எடுத்துவிடலாம். தீயோ வேறெதுவோ பட்டு இரண்டும் சேர்ந்து, இரண்டுமல்லாத மூன்றாவதாக ஆகிவிட்டால் அது சேர்மம். அதற்குள் பழைய ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

இனி எலிசா.

2

எலிசா சித்தூரில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பழைய மிஷன் கோயிலுக்குப் பின்தெருவில் மாமியார் ஞானம்மாளோடு இருக்கிறாள். வீட்டில் மூன்றாவதாக ஒருவன் இருந்தான். பென்னி, அவள் கணவன்.

அன்று வகுப்பில் தட்டு நிறைய இரும்புத்தூளும் கந்தகத்தூளும் கலந்து வைத்தாள். காந்தத்தை மேலே காட்டினாள். இரும்பு மட்டும் எழும்பிப் போய் ஒட்டிக்கொண்டது. கந்தகம் ஒன்றும் நடக்காதது போல் மஞ்சளாகவே கிடந்தது. பிறகு அதே கலவையைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடு காட்டினாள். உள்ளே செந்நிறமாய் ஒரு கனல் ஓடி அடங்கியது. ஆறிய பிறகு குழாயை உடைத்து, கறுப்பாக இறுகிக் கிடந்த கட்டியின் மேல் காந்தத்தை வைத்தாள். அது அசையவில்லை.*

"இப்ப இதுல இரும்பு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"உள்ளதான் மேடம்."

"உள்ளதான் இருக்கு. ஆனா கூப்பிட்டா வராது."

சொல்லிவிட்டுக் காந்தத்தைத் துணியால் துடைத்து மேசையில் வைத்தாள். பென்னி நினைவு.

பென்னி திருப்பதியில் டாக்சி ஓட்டியவன். பக்தர்களைத் திருமலைக்கு ஏற்றி இறக்கிய கிறிஸ்தவன், ஊர்ச் சொல்லில் வேதக்காரன். "வேதக்காரன் வண்டியில ஏறினா வளச்சி வளச்சி சுத்தாம போயி சேரலாம்" என்று அவனே தன்னைக் கிண்டல் செய்துகொள்வான். ஒரு நாள் காலை, சவாரியை இறக்கிவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினான். சாவி வண்டியிலேயே இருந்தது. பாதி குடித்த டீ, டேஷ்போர்டில் ஆறிப்போய் இருந்தது. பென்னி மட்டும் இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை இல்லை. போலீஸ் தேடியது, சபை ஜெபித்தது, எலிசா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள்.

அவளை உறுத்துவது ஒன்றுண்டு. பென்னி போனதும், அவள் கல்யாணத்துக்கு முந்தைய எலிசாவாக மிச்சம் இருப்பாள் என்று ஊர் எதிர்பார்த்தது. காந்தம் இரும்பை எடுத்துக்கொண்டது, கந்தகம் பழைய மஞ்சளிலேயே கிடக்க வேண்டியதுதானே? அப்படியில்லை என்று அவளுக்குத் தெரியும். அதை யாரிடம் போய் விளக்குவது? அவள் கணக்கில் அது கலவை இல்லை.

மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால் கடைசிச் சோதனை. பீக்கரில் தெளிந்த சுண்ணாம்பு நீர். ஸ்ட்ரா போட்டு ஊதினால் மூச்சில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு பட்டு நீர் பால்போல் வெளுக்கும். காஞ்சனா என்ற மாணவி ஊதினாள். வெளுத்தது. எல்லோரும் கை தட்ட, அவள் உற்சாகத்தில் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தாள். வெள்ளை மெல்லக் கரைந்து நீர் மறுபடி தெளிந்துவிட்டது.

"மேடம், போயிடுச்சு!" பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்கயும் போகல. அளவுக்கு மேல ஊதினா அப்படித்தான், திரும்பவும் தெளிஞ்ச மாதிரி காட்டும். இத அடுப்புல வெச்சிப் பாரு, ஒளிஞ்சிருந்த வெள்ளை வெளிய வந்துடும்."

இந்த இடத்தை மறக்காதீர்கள். நான் மறந்தேன்.

(* வகுப்பு நடந்தது தெலுங்கில். நான் தமிழில் தருகிறேன். உண்மையில் எலிசாவின் பேச்சில் இரண்டும் கிடக்கும். நினைத்தால் சலித்து எடுக்கலாம். அது கலவை.)

3

பள்ளி வாங்கித் தராத சுண்ணாம்பு நீர் அவளுக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்றால், கல்லறையிலிருந்து.

மிரள வேண்டாம். கல்லறைத் திருநாள் வருவதற்கு முன் அந்தச் சபைக் குடும்பத்தார் தங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பார்கள். பெயிண்ட் வந்து எவ்வளவோ காலமாயிற்று. ஞானம்மாள் மட்டும் சுண்ணாம்புக் கல்தான் வாங்குவாள். பின்கட்டில் ஒரு பழைய தொட்டி. கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று பொங்கிக் கொதித்து அடங்கும். மறுநாள் பார்த்தால் மாவு அடியில், தெளிவு மேலே. மாவு மாமனார் கல்லறைக்கு, தெளிவு மருமகள் பள்ளிக்கு. வருஷா வருஷம் இதுதான் ஏற்பாடு.

இந்த வருஷம் கூடவே ஒரு கல்லும் இருந்தது. ஞானம்மாள் கிரானைட் பாலிஷ் போடும் சின்னசாமியிடம் சொல்லி ஒரு கறுப்புக் கல் அறுக்க வைத்திருந்தாள். பென்னியின் பெயர் வெட்டியாகிவிட்டது. பிறந்த வருஷம் வெட்டியாகிவிட்டது. பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு. கோட்டுக்கு அப்புறம் வெறும் பளபளப்பு.

"ஏழு வருசம் காணாட்டி ஆளு இல்லன்னு சட்டமே சொல்லிடுச்சி. பெத்தவ நானே சொல்றேன், எழுதிடு மா" என்றாள் ஞானம்மாள். "அவங்க நைனா பக்கத்துல ஒரு கல்லாச்சும் நிக்கட்டும்."

"உள்ள ஆளே இல்லாத எடத்துக்குக் கல்லு எதுக்கு அத்தை?"

"கல்லு அவனுக்கு இல்லடி. உனக்கு. அத நட்டாத்தான் நீ எழுந்து நடப்ப. இல்லன்னா நீயே கல்லாட்டம் இங்க குந்திக்கினு இருப்ப."

"அப்ப வருசத்த நீங்களே சொல்லிடுங்களேன்."

"அத மட்டும் நான் சொல்ல மாட்டேன். பேரு நான் வெச்சது, நான் சொன்னேன். அந்த வருசம் நீ சொல்லணும்."

பிடிவாதக்காரி. மகனைப் பறிகொடுத்தும் மருமகளைத் தள்ளாத பிடிவாதம். புத்தூரில் விதைக்கடை வைத்திருக்கும் அசரியா, மனைவியை இழந்தவர், சபைப் போதகர் ஐயர் மூலமாக எலிசாவைக் கேட்டு அனுப்பியபோது, காப்பி போட்டுக் கொடுத்ததும் ஞானம்மாள்தான். கல்லறைத் திருநாள் கழியட்டும், அதுவரை காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் அவர். எலிசா மதில் மேல் பூனையாக இருந்தாள். அசரியாவைப் பிடிக்கவில்லை என்று இல்லை. பிடித்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம் இரண்டு பீக்கர்களில் தெளிவை மொண்டாள். ஒன்றை அடுக்களை மேடையில் வைத்தாள். மற்றதற்கு இடமில்லாமல் தெருப்பக்க அறையில் வைத்தாள். அது பென்னியின் அறை. வண்டியின் பழைய சீட் கவர்கள், ஒரு ஜாக்கி, சுருட்டிய கயிறு. சன்னல் சாத்தியே கிடக்கும், யாரும் போவதில்லை.

மறுநாள் மாலை பள்ளியிலிருந்து வந்து பார்த்தாள். அடுக்களையில் இருந்தது தெளிவாக, மேலே மட்டும் மெல்லிய ஆடை கட்டி இருந்தது. அது சரி, அடுப்பு எரிகிற இடம், ஆட்கள் புழங்குகிற இடம், காற்றில் உள்ளது பட்டு ஆடை கட்டும். அறையில் இருந்ததோ, ஆடையே இல்லாமல், அடிவரைக்கும் வெளுத்திருந்தது.

காற்று பட்டால் மேலே ஆடை கட்டும். அடிவரை வெளுக்க வேண்டுமானால் ஒருவர் உட்கார்ந்து ஊத வேண்டும்.

4

அசரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மனிதர்மேல் எனக்கே சந்தேகம் உண்டு. இவ்வளவு நல்லவராகக் கதையில் ஒருவர் வந்தால் வாசகர் முகம் சுளிப்பார் என்று, இரண்டாவது வரைவில் அவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். [அசரியாவின் கண் எலிசாவின் சம்பளத்தின் மேல்...] ஒட்டவில்லை. மனிதர் புத்தூரிலிருந்து வரும்போதெல்லாம் ஞானம்மாளுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கி வருகிறார். நான் என்ன செய்ய? நல்லவராகவே இருக்கட்டும். நல்லவர் காத்திருப்பதுதான் இந்தக் கதையில் அதிகச் சங்கடம்.

எலிசா அறிவியல் படித்தவள். நேராகப் பேய்க்குப் போகவில்லை. பீக்கரில் சோப்பு மிச்சம் இருந்ததா என்று கழுவினாள். அறையில் எலி செத்துக் கிடக்கிறதா என்று சீட் கவர்களை உதறினாள். தெருவில் போகும் வண்டிப் புகையோ என்று சன்னல் இடுக்குகளில் செய்தித்தாள் ஒட்டினாள். பிறகு அதே அறையில் இரண்டு பீக்கர், ஒன்று திறந்து, ஒன்று மூடி. மாலையில் மூடியது பளிங்காக இருந்தது. திறந்தது வெளுத்திருந்தது. தண்ணீரில் கோளாறு இல்லை, கோளாறு அறைக்குள் இருந்தது.

எல்லா நாளும் அப்படி ஆகவில்லை என்பதுதான் அவளைக் குழப்பியது. சில நாள் வெளுக்கும், சில நாள் தெளிவாகவே நிற்கும். வெளுத்த நாளில் அறை வாசலில் நின்றால் கழுத்துப் பின்புறம் லேசாகக் கூசும். ஊசிமுனையளவுகூடச் சத்தம் கேட்காது. யாரோ தன்னையே கவனிப்பது போல மட்டும் இருக்கும்.

"பென்னி?" என்றாள் ஒரு மதியம், தாழ்ந்த குரலில். "நீயா? எங்கியோ உயிரோட கீறியா? இல்ல..."

இல்ல என்பதற்கு அப்புறம் அவள் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை. ஆனால் அன்று மாலை சின்னசாமி போன் செய்து, "இன்னா மா, வருசம் சொல்லு, போட்டுட்றேன், மிசினு சும்மா கீது" என்றபோது, "இருங்கண்ணா, கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. பாவி, நம்பத் தொடங்கியிருந்தாள்.

5

இந்தப் பகுதியில் நான் கதையை நிறுத்திவிட்டு உங்களிடம் பேச வேண்டும்.

எந்த நாளில் வெளுக்க வேண்டும், எந்த நாளில் தெளிய வேண்டும் என்று நான் திட்டம் போட்டு எழுதவில்லை. கைக்கு வந்தபடி எழுதினேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் நாலாம் பகுதிவரை எழுதியதைத் திருப்பதியில் மெய்ப்புப் பார்க்கும் என் தோழி காவ்யாவுக்கு அனுப்பினேன். மதியம் அவரிடமிருந்து செய்தி வந்தது.

"நல்லா வந்திருக்கு. ஆனா அந்த மொத பீக்கர், ‘கெட்டித் தயிர்போல வெளுத்து, அடி தெரியாமல்’ன்னு எழுதி இருக்கீங்களே, கொஞ்சம் ஓவரா இல்ல?"

நான் அப்படி எழுதவில்லை. ‘அடிவரைக்கும் வெளுத்திருந்தது’ என்றுதான் எழுதியிருந்தேன். கோப்பைத் திறந்து பார்த்தேன். கெட்டித் தயிர்போல, அடி தெரியாமல். (நீங்கள் மேலே படித்தது, நான் திருப்பிப் போட்ட என் வரி.)

அவரை அழைத்தேன். "எங்க உக்காந்து படிச்சீங்க?"

"பஸ்லதான். சந்திரகிரி தாண்டறதுக்குள்ள முடிச்சிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் எட்டி எட்டிப் பாத்துக்கினே வந்தாரு. நான் பக்கத்தத் தள்ளறதுக்குள்ள ‘இருமா, இருமா’ன்றாரு. அவரும் முழுசா படிச்சிட்டாரு போல."

போனை வைத்துவிட்டு, எழுதிய தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் எழுத உட்கார்ந்த நாளில் எல்லாம் எலிசாவின் பீக்கர் வெளுத்திருந்தது. காய்ச்சலில் கிடந்து கோப்பைத் திறக்காத நாட்களைக் கடக்க, ‘இன்று தெளிவாக இருந்தது’ என்று ஏனோ எழுதியிருந்தேன். இரண்டு பேர் சேர்ந்து படித்தபோது தயிரானது.

சாத்திய அறைக்குள் எலிசாவுக்குத் தெரியாமல் யார் போய் உட்கார முடியும்? சன்னல் இடுக்கில் செய்தித்தாள் ஒட்டிய பிறகும் யாரால் உள்ளே பார்க்க முடிந்தது? சீட் கவர்களையும் ஜாக்கியையும் சுருட்டிய கயிற்றையும் பார்த்தவர்கள் யார்?

நான் பார்த்தேன். காவ்யா பார்த்தார். இப்போது நீங்கள்.

[எழுதிப் பாதியில் விட்ட வாக்கியம்: மன்னித்துவிடுங்கள், நான் வேண்டுமென்று உங்களை அங்கே...]

6

ஞானம்மாளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை வெயில் தாழ்ந்த நேரம், சுண்ணாம்புக் கை கழுவிக்கொண்டு வந்தவள், பென்னியின் அறை வாசலில் சட்டென்று நின்றாள். கதவு சாத்தியிருந்தது. தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக் கேட்டாள்.

"இன்னா அத்தை?"

"சும்மா இரு." மறுபடி கேட்டாள். "உள்ள யாரோ கீறாங்க எலிசா."

எலிசாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "உங்களுக்கும் தெரியுதா? நான்தான் பைத்தியம்னு நெனச்சேன். அவருதான் அத்தை. எனக்குத் தெரியும், அவருதான்."

கிழவி மெதுவாகத் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"அவனுக்குச் சின்னதுல இருந்தே வீசிங். ராவெல்லாம் அவன் நெஞ்சுல காத வெச்சிக்கினு கெடந்தவ நான். இழுத்து, நின்னு, ஒரு விசில் வரும். கோடி பேருல அவன் மூச்ச நான் எடுத்துருவேன்." கதவிலிருந்து ஓரடி பின்வாங்கினாள். "இது அவன் இல்ல. இது ஒரு ஆளு மூச்சும் இல்ல. நெறய பேரு கீறாங்க. வேடிக்க பாக்க வந்தவங்களாட்டம், சத்தங் காட்டாம."

எலிசா கதவைத் திறந்தாள். சீட் கவர், ஜாக்கி, கயிறு. காலியான அறை. ஞானம்மாள் உள்ளே வரவில்லை. வாசலிலிருந்தே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், தன் மூச்சு உள்ளே போய்விடக்கூடாது என்பது போல.

7

எலிசா அத்தையின் சொல்லை நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. அவள் படித்த படிப்பு ஒன்றே ஒன்றைத்தான் சொன்னது: சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்.

ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்து வந்து, தொட்டியிலிருந்து புதிதாகத் தெளிவு மொண்டாள். பென்னியின் அறை நடுவில் ஸ்டூல் போட்டு அதன் மேல் பீக்கரை வைத்தாள். மாலைக் கோயில் மணிக்கு வந்து பார்ப்பாள். மறுநாள் கல்லறைத் திருநாள். சின்னசாமி கடையைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன் என்றிருந்தான்.

போகும்முன் அறையைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள். எங்கே பார்த்துப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பொதுவாகப் பேசினாள்.

"யாருங்க நீங்கல்லாம்? எனக்கு மொகம் தெரியல. அவரப் பத்தி எதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. எங்க கீறாருன்னு, இருக்காரா இல்லியான்னு, எதாச்சும்." சற்றுப் பொறுத்தாள். நம்மில் யாருக்கும் எதுவும் தெரியாது. "தெரியாதா? அப்ப எதுக்குங்க வந்து குந்திக்கினு கீறீங்க? நீங்க விடற மூச்ச அவருதுன்னு நெனச்சிக்கினு ஒருத்தி தெனம் கதவத் தொறந்து பாக்கறா. பாவமா இல்லியா உங்களுக்கு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியலன்னா போயிடுங்க. தயவு செஞ்சி. பென்னியா இருந்தா போன்னா போமாட்டாரு. அந்த ஆளு சொல்லிக் கேட்டதே கெடையாது. நீங்க போயிட்டா தண்ணி தெளிவா நிக்கும். தெளிவா நின்னா நான் வருசத்தச் சொல்லிடுவேன். புத்தூருக்கும் பதில் சொல்லிடுவேன். ஒருக்கா அழுது முடிச்சிடுவேங்க."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

எனக்கு அவள்மேல் வந்த பரிவுக்கு அளவில்லை. கோப்பை மூடினேன். மூடும்முன் அடுத்த வரியைப் பாதி வெறுமையாக விட்டேன்:

[மணி அடித்ததும் எலிசா வந்து கதவைத் திறந்தாள். பீக்கரில் நீர் ............................]

இனி இதைத் தொடுவதில்லை, யாருக்கும் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். யாரும் படிக்காவிட்டால் தெளிவாக நிற்கும். அவள் எழுந்து நடப்பாள். நாம் அதைப் பார்க்க முடியாது, அவ்வளவுதானே.

8

காவ்யாவுக்குப் பகுதி ஏழுவரை ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. பகிர்ந்த கோப்பு, நான் எழுத எழுத அவருக்குத் தெரியும். அது எனக்கு நினைவில்லை.

அவர் நல்ல எண்ணத்தில் அலுவலகக் குழுவில் போட்டிருக்கிறார். அவர்கள் வீட்டில் காட்டியிருக்கிறார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான். நாராயணவனத்திலிருந்து ஒருவர், எனக்கு அறிமுகமே இல்லாதவர், "கடைசி வரி அருமை, நிம்மதியாக இருந்தது" என்று எழுதியிருந்தார்.

கடைசி வரியை நான் எழுதவே இல்லையே என்று கோப்பைத் திறந்தேன். புள்ளி வைத்து விட்ட இடம் நிரம்பியிருந்தது.

மணி அடித்ததும் எலிசா வந்து கதவைத் திறந்தாள். பீக்கரில் நீர் தெளிந்திருந்தது.

முதலில் குதித்தேன். போய்விட்டார்கள், விட்டுவிட்டார்கள் என்று. பிறகுதான் காஞ்சனா நினைவுக்கு வந்தாள், நிறுத்தாமல் ஊதிய அந்தப் பெண். ஒருவர் மூச்சு விட்டால் வெளுக்கும். இருவர் விட்டால் தயிராகும். ஓர் ஊரே வந்து உட்கார்ந்து மூச்சு விட்டால், வெள்ளை கரைந்து, நீர் மறுபடி தெளிந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒரே தெளிவு. யாருமே இல்லாத தெளிவும், நின்று பார்க்க இடமில்லாத அளவுக்கு ஆட்கள் நிறைந்த தெளிவும்.

எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, சூடு காட்டுவது.

எனக்குத் தெரிந்தது வேதியியல் ஆசிரியைக்குத் தெரியாதா?

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் அவள் தெளிவைக் கண்டதும் ஸ்டூல் அருகிலேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுகிறாள், ஞானம்மாள் வந்து அணைத்துக்கொள்கிறாள், சின்னசாமிக்கு வருஷம் போகிறது. இரண்டாவதில் அடுப்பில் வைக்கிறாள், நீர் வெளுக்கிறது, போனை எடுக்காமல் விடுகிறாள், புத்தூரில் ஒரு நல்ல மனிதர் விதை மூட்டைகளுக்கு நடுவே காத்திருக்கிறார். மூன்றாவதில் அடுப்பில் வைக்கிறாள், நீர் கொதித்தும் தெளிவாகவே [இதை என்னால் முடிக்க முடியவில்லை. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது அது எப்படித் தெளிவாக நிற்கும்?]

ஆகவே நான் முடிக்கவில்லை. இந்தக் கதையை அச்சுக்குக் கொடுத்ததுகூட அதனால்தான். பாதிப்பேர் படித்து அவளை வெள்ளையிலேயே வைத்திருப்பதைவிட, எல்லோரும் படித்துத் தெளிந்தே கிடக்கட்டும். பார்த்த அளவில் அவள் நம்பினால் போதும். அந்தத் தெளிவு பொய்யாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அவள் அழுது முடிக்க அது போதும் என்று நினைக்கிறேன். நான் நினைப்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது எலிசா பீக்கரை இரண்டு கையாலும் ஏந்தி அடுக்களைக்கு வருகிறாள். சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறாள். அதன் வழியே பின்கட்டும் சுண்ணாம்புத் தொட்டியும் கொஞ்சமும் மங்காமல் தெரிகின்றன. மேடையில் வைக்கிறாள். அடுப்பு காலியாக இருக்கிறது. சின்னசாமியின் அழைப்பில் போன் அதிர்ந்துகொண்டே மேடை ஓரத்துக்கு நகர்கிறது.

"எடு மா" என்கிறாள் ஞானம்மாள், பின்னாலிருந்து. "அடுப்பு வேணாம். போன எடு."

எலிசா போனைப் பார்க்கிறாள். அடுப்பைப் பார்க்கிறாள். பிறகு மெதுவாகத் திரும்பி, நாம் நிற்கிற பக்கமாகப் பார்க்கிறாள். "போயிட்டீங்கதானே?" என்று கேட்கிறாள்.

நான் இத்தோடு வெளியே போகிறேன். கேஸ் லைட்டர் பீக்கருக்குப் பக்கத்தில், உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிறது.